கையை எடுக்காத ஊர்

ஓசூருக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. மகளைக் கையோடு அழைத்து வரப் போனேன். பையில் இரண்டு வேட்டி, ஒரு கம்பளி, வலித் தைலம், அப்புறம் அவளுடைய எக்ஸ்ரே படம். எக்ஸ்ரே வாதத்துக்கு. தொடை எலும்புக்குள் வெள்ளையாக நிற்கும் அந்தக் கம்பியைக் காட்டினால் எந்த நடன ஆசிரியரும் வாயை மூடிக்கொள்வார் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

என் மகள் கயல் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள். சென்ற ஆண்டு சூளகிரி அருகே சர்வீஸ் ரோட்டில் அவளுடைய ஸ்கூட்டியை ஒரு வேன் இடித்துத் தள்ளியது. போன் வந்தபோது நான் பதினோராம் வகுப்பில் அமிலமும் காரமும் நடத்திக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் யாருடைய போனாவது அதிர்ந்தால் என் கையிலிருக்கும் சாக்பீஸ் ஒடிந்துவிடுகிறது. திருவாரூர் பக்கத்து எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் கிடந்தாள். தேறினாள், நடந்தாள், திரும்பிப் போனாள். வேலைக்குத்தான் போகிறாள் என்று நினைத்தோம். வேலைக்கும் போனாள். மிச்ச நேரத்துக்கு எங்கே போகிறாள் என்பது அவள் அனுப்பிய வீடியோவில்தான் தெரிந்தது: ஒரு கலை மையத்தில் நடனம். ஏதோ ஒரு மேட்டின் விளிம்பில் நின்றுகொண்டு, வெட்டிய மரம் போல அப்படியே பின்பக்கமாகச் சாய்கிறாள். வீடியோ அங்கேயே முடிந்துவிடுகிறது. பிடித்தார்களா, யார் பிடித்தார்கள் என்பது அதில் இல்லை.

வசந்தி, என் மனைவி, அதை ஒரே முறைதான் பார்த்தாள். "போய்க் கூட்டிட்டு வந்துடுங்க. பேச்சே வேண்டாம்" என்றாள்.

கிருஷ்ணகிரி தாண்டியதும் பாறைகள் ஆரம்பித்தன. நாங்கள் சமவெளிக்காரர்கள். எங்கள் பக்கம் உயரமான பொருள் என்றால் கோயில் கோபுரம், அதற்கடுத்து செல்போன் கோபுரம். இங்கே யாரும் கட்டாமலே மலைகள் நிற்கின்றன. அவற்றின் உச்சியில், யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்தது போல ஒற்றைப் பாறைகள். ஒவ்வொன்றும் இதோ உருளப்போகிறது என்று தோன்றியது. ஒரு வருடமாக எனக்கு எல்லாமே விழப்போவது போலத்தான் தெரிகிறது.

விழவில்லை, வெடித்தது. பஸ்ஸின் பின்சக்கரம், அதுவும் சூளகிரியில். எந்த ஊரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிட நினைத்தேனோ அங்கேயே என்னை இறக்கிவிட்டார்கள். காற்று சில்லென்று அடித்தது. எங்கள் ஊரில் ஆடிக் காற்று புழுதியைத்தான் கொண்டுவரும். இங்கே அதில் பச்சைக் கொத்தமல்லி வாசனை இருந்தது. சாலையோரம் தக்காளிக் கூடைகளும் கொத்தமல்லிக் கட்டுகளும் வண்டிக்குக் காத்துக் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் புதிதாக எழும்பும் தொழிற்சாலைச் சுவர்கள்.

டீக்கடை அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "இங்கதானேம்மா போன வருஷம் ஒரு ஆக்சிடென்ட்..."

"எந்த மாசம் சார்? மாசம் சொன்னாத்தான் தெரியும்" என்றார் டீயை ஆற்றிக்கொண்டே.

"ஸ்கூட்டியில போன பொண்ணு. வேன் இடிச்சது."

கிளாசைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணா! நம்ம முனிராஜுதான் பொண்ணோட தலையைப் புடிச்சுக்கினு ரோட்டுலயே உக்காந்திருந்தான். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கைய எடுக்கல. போலீஸ்காரரு எழுந்திருப்பான்னா, ஆள் வரட்டும் சார்னுட்டான். நீங்க யாருங்க?"

"அப்பா."

கேட்காமலே இன்னொரு டீ வந்தது.

'யாரோ ஒருத்தர் கூட இருந்தாருப்பா' என்று மட்டும் கயல் சொல்லியிருந்தாள். அந்த ஒருத்தருக்கு ஒரு பெயர் இருப்பது எனக்கு அந்த டீக்கடையில்தான் தெரிந்தது.

அடுத்து வந்த டவுன் பஸ்ஸில் நிற்கத்தான் இடம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கம்பியைப் பிடித்தபடியே இளைஞர்கள் தூங்கிக்கொண்டு வந்தார்கள். கண்டக்டருக்கும் ஒரு வயதான அம்மாவுக்கும் தெலுங்கில் சண்டை. பஸ் முழுக்கச் சிரித்தது, என்னைத் தவிர. என்ன என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். "கொத்தமல்லி மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொல்றாரு சார். அந்தம்மா, 'எடுக்கறேன், ஆனா நாளையில இருந்து உங்க வீட்டு ரசத்துல கொத்தமல்லி தேடுவே'ன்னு சொல்லுது." கண்டக்டர் அதற்குக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். மறுபடி சிரிப்பு. அதை மொழிபெயர்க்கப் பக்கத்தில் நின்றவர் மறுத்துவிட்டார்.

மூக்கண்டப்பள்ளியில் வரிசை வீடுகள். கொடிகளில் ஒரே நிறத்துச் சட்டைகளாகக் காய்ந்துகொண்டிருந்தன. எந்தச் சட்டை யாருடையது என்று எப்படித்தான் கண்டுபிடிப்பார்களோ. கயல் வாசலுக்கே வந்துவிட்டாள். இடது காலை லேசாகச் சுழற்றி வைத்து நடக்கிறாள், தெரியாதவர்களுக்குத் தெரியாது. பையை வாங்கியவள் வெளியிலிருந்தே தடவிப் பார்த்தாள்.

"எக்ஸ்ரேதானே? அப்பா, நீங்க இருக்கீங்களே!"

"நாளன்னிக்கு ராத்திரி பஸ்ஸு. ரெண்டு பேருக்கும் சொல்லிட்டேன்" என்றேன்.

"நாளன்னிக்கு சாயங்காலம் எங்க நிகழ்ச்சி. பாத்துட்டுப் பேசலாம்."

இருட்டும் முன்பே மெஸ்ஸுக்கு அழைத்துப் போனாள். அவளோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் மஞ்சுளாவும் வந்தாள். சிங்காரப்பேட்டைப் பெண், தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்தும் வரிசையில், அவர்கள் மொழியில் சொன்னால் 'லைனில்' நிற்பவள். தட்டில் ராகிக் களி உருண்டை, மேலே கீரை மசியல். நான் அதைப் பிட்டு மென்றதும் மஞ்சுளா பதறிவிட்டாள்.

"இன்னா சார், மெல்லறீங்க? களிய மென்னா அதுக்குக் கோவம் வரும். உருட்டுங்க, தொடுங்க, முழுங்குங்க. அவ்ளோதான்."

"அவரு எதையும் ஆராயாம முழுங்க மாட்டாருடி" என்றாள் என் மகள்.

முழுங்கினேன். தொண்டையில் நின்று யோசித்துவிட்டு இறங்கியது. மூன்றாவது உருண்டையிலிருந்து ருசி பிடிபட்டது என்று எழுதினால் ஊரில் நம்பமாட்டார்கள்.

மறுநாள்தான் அவர்கள் ஆடும் ஷெட்டைப் பார்த்தேன். கலை மையம் என்றதும் கண்ணாடிக் கதவும் புல்தரையும் எதிர்பார்த்திருந்தேன். அது மூடிப்போன ஒரு போல்ட் பட்டறை. தகரக் கூரையில் நடுநடுவே ஒளி புகும் தகடுகள். இயந்திரங்களை எடுத்துவிட்டார்கள், அவை உட்கார்ந்திருந்த சிமெண்ட் மேடைகள் முழங்கால் உயரத்தில் அப்படியே இருக்கின்றன. தரையில் பழைய எண்ணெய்க் கறை. தெருவில் யாரைக் கேட்டாலும் 'டான்ஸ் ஷெட்டா?' என்று வழி காட்டுகிறார்கள். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் இறக்கிவிட்டதும் பெண்களும் ஆண்களும் டிபன் பாக்ஸோடு நேராக அங்கே வந்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள், முகம் கழுவினார்கள், தரையில் மல்லாந்து படுத்தார்கள். அதுதான் நடனத்தின் முதல் பாடமாம். எட்டு மணி நேரம் நின்றவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் எனக்கும் தோன்றவில்லை.

நடனத்தை அமைப்பவர் ஷைலா, மைசூர்க்காரர். நரைத்த குட்டை முடி, குரல் மட்டும் பெரியது. நான் எக்ஸ்ரேயை நீட்டினேன். அவர் அதை வாங்கிக் கூரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் சூழ்ந்துகொண்டது.

"சூப்பரா ஃபிட்டிங் பண்ணியிருக்காங்க சார்! ஸ்க்ரூ எல்லாம் ஒரே நேரா கீது" என்றாள் மஞ்சுளா.

"கேப் இல்ல, பெண்ட் இல்ல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பாஸா, ரிஜெக்டா?" கயல் கேட்டாள்.

"பாஸு!" என்றார்கள் எல்லோரும்.

என் ஒரே ஆயுதம் அப்படிப் போயிற்று. ஷைலா மட்டும் சிரிக்கவில்லை. கயலுக்குக் கம்பி வைத்த மருத்துவரிடம் தானே நேரில் போய்ப் பேசியதையும், எது கூடும், எது கூடாது என்று கேட்டுக்கொண்டதையும் கன்னடத்தில் சொன்னார். கயல் தமிழில் சொன்னாள். குதிப்பது கூடாது. சாய்வது கூடும், பிடிப்பவர்கள் சரியாக இருந்தால்.

அதுதானே என் கேள்வியும்.

ஒத்திகை தொடங்கியது. கயல் ஒரு சிமெண்ட் மேடையில் ஏறி, குதிகால் விளிம்பில் நிற்க, கைகளைக் கட்டிக்கொண்டாள். கீழே ஒருவர் வந்து நின்றார். முப்பது வயதிருக்கும். சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுபவர் என்று பின்னால் தெரிந்தது, மூட்டை தூக்கும் குடும்பத்துத் தோள்கள். அவள் சாய்ந்தாள். என்னையும் அறியாமல் "ஏய்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவரும் என்னைப் பார்த்தார். ஆனால் அவர் உள்ளங்கைகள் இரண்டும் என் மகளின் தோள்பட்டைகளுக்கு அடியில் இருந்தன, இம்மியும் நகரவில்லை.

"பயப்படாதீங்க சார். நான் முனிராஜு" என்றார்.

நான் அங்கேயே, எண்ணெய்க் கறை மேல், உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு மஞ்சுளா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விளக்கினாள். வேலைக்குத் திரும்பிய கயலை இந்த ஷெட்டுக்கு அழைத்து வந்ததே முனிராஜ்தானாம். லைனில் பொருட்கள் நகர்ந்துகொண்டே இருக்கும், நிற்காது. தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்றாலும் மாற்று ஆள், ரிலீவர், வர வேண்டும். அவர் வந்து தோளைத் தொட்டு 'வந்தாச்சு' என்பார். இவர் 'உன் கையில' என்று சொல்லிவிட்டுத்தான் கையை எடுப்பார். இரண்டு வார்த்தையும் சொல்லாமல் யாரும் நகர்வதில்லை. எந்தக் கம்பெனி விதியிலும் இப்படி எழுதியில்லையாம். லைன்காரர்களே வைத்துக்கொண்ட வழக்கம்.

"மேடத்தோட முதல் டான்ஸையே நாங்க கெடுத்துட்டோம் சார்" என்றாள். "எட்டு எண்ணினதும் கைய விடுங்க, சாயற ஆளு தனியா உருளணும்னாங்க. ஒருத்தரும் விடல. விட வரல சார். ஒரு வாரம் கத்தினாங்க. இது பேக்டரி இல்ல, டான்ஸுன்னு. நான் சொன்னேன், மேடம், ஆள் வராம கைய எடுத்தா மெமோ குடுப்பாங்கன்னு."

அதன்பின் ஷைலா, தான் எழுதிக்கொண்டு வந்த நடனத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தத் தவறையே நடனமாக்கினார். ஒருவர் சாய்வார், ஒருவர் தாங்குவார். இன்னொருவர் வந்து தோளைத் தொடுவார். பாரம் கைமாறும். முதல் ஆள் போய் இன்னொருவர் சாயத் தாங்குவார். ஷெட் முழுக்க இப்படியே, சாய்ந்த யாரையும் ஒரு நொடிகூடத் தாங்காமல் விடாமல், அலை போல. முழு ஒத்திகையைப் பார்த்தேன். எங்கள் பக்கம் நாற்று நடும்போது பெண்கள் ஒன்றாகக் குனிந்து பின்னால் நகர்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதை அழகு என்று நின்று பார்த்ததில்லை. அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு மூச்சு விட மறந்துபோனது.

ஆனாலும் பயம் பயம்தான். சாயங்காலம் கயலிடம் சொன்னேன். "பிரமாதம்மா. அதுக்காக நீதான் சாயணுமா?"

"விழறது எப்படின்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுப்பா" என்றாள். "புடிக்கறாங்கங்கறது உடம்புக்கு இன்னும் தெரியல. அது தெரியற வரைக்கும் சாஞ்சுக்கிட்டே இருக்கணும்."

பஸ் டிக்கெட் இரண்டும் சட்டைப் பையில் இருந்தன.

மூன்றாம் நாள் ஞாயிறு. வெயில் சாயும் முன்பே ஷெட் நிரம்பிவிட்டது. நாற்காலி கிடையாது, சிமெண்ட் மேடைகளிலும் பாயிலும் ஜனம். பீகார், ஒடிசாப் பையன்கள் குளித்துத் தலை வாரி ஒரு மூலையில். முனிராஜின் அம்மா சூளகிரியிலிருந்து, மடியில் கொத்தமல்லிக் கட்டோடு. அவரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம். பஸ்ஸில் கண்டக்டரை மிரட்டிய அதே அம்மா. என்னைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார். "சிரிக்காத ஆள் நீதானேன்னு கேக்குது" என்றார் பக்கத்திலிருந்தவர்.

தொடங்கும்போதே ஒரு சிக்கல். திடீரென்று ஓவர்டைம் போட்டுவிட்டதால் மஞ்சுளாவும் இன்னும் மூன்று பேரும் வரவில்லை. கம்பெனி பஸ் ஜூஜூவாடி அருகே நெரிசலில் நிற்கிறது, வந்துவிடுவோம், ஆரம்பியுங்கள் என்று போன். ஷைலா நகத்தைக் கடித்தார். ஆரம்பித்தார்.

ஒடிசாக்காரர் ஒருவர் எண்ணெய் டிரம்மில் தாளம் போட, அலை எழுந்தது. சாய்ந்தார்கள், தாங்கினார்கள், 'வந்தாச்சு', 'உன் கையில', நகர்ந்தார்கள். கடைசிப் பகுதி கயலுடையது. உயரமான மேடையில் ஏறினாள், சாய்ந்தாள், முனிராஜ் தாங்கினார். இங்கே மஞ்சுளா வந்து அவர் தோளைத் தொட வேண்டும். அவளுக்குப் பின் அந்த மூவர்.

யாரும் வரவில்லை. தாளம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மறுபடி சுற்றியது. பிறகு ஓய்ந்தது. ஷைலா ஓரத்திலிருந்து, 'நிமிர்த்திவிடு, முடித்துக்கொள்ளலாம்' என்று கையால் காட்டினார். முனிராஜ் தலையை ஆட்டினார், முடியாது என்று. அவர் முன்கையில் நரம்பு புடைத்திருந்தது. கயல் கண்ணை மூடிக்கொண்டு, கூரையை நோக்கிய ஒரு பலகையாகக் கிடந்தாள். எனக்கு மட்டும்தான் அது தவறாகத் தெரிந்தது என்று நினைக்கிறேன். மற்ற எல்லோருக்கும் அது என்ன என்று தெரிந்திருந்தது. லைனில் ஒருவர் நிற்கிறார். மாற்று ஆள் வரவில்லை.

நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்தார். மஞ்சள் சேலை, கையில் குழந்தை. குழந்தையைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். நேராக நடந்து வந்து முனிராஜின் தோளைத் தொட்டார்.

"வந்தாச்சு."

தன் கைகளை அவர் கைகளுக்குப் பக்கத்தில் கொடுத்து, பாரம் ஏறியதும் தலையை ஆட்டினார். முனிராஜ் "உங்க கையில" என்றார்.

ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் பின்னால் ஒரு செக்யூரிட்டி, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி. அவர் பின்னால் ஒரு பீகார்ப் பையன். 'வந்தாச்சு' அவன் வாயில் வேறு ஏதோ ஊர்ச் சொல்லாக ஒலித்தது, கைகள் மட்டும் சரியாகப் போயின. டிரம்காரர் மெதுவாக மறுபடி தட்ட ஆரம்பித்தார். பார்க்க வந்தவர்கள் வரிசையாகி ஷெட்டின் வாசல்வரை நீண்டுவிட்டார்கள். முனிராஜின் அம்மா கொத்தமல்லிக் கையோடு வந்து தாங்கினார். என் மகள் கை மாறிக் கை மாறிக் கிடந்தாள். அவளைப் பெயர் தெரிந்து தாங்கியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் அங்கே?

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது. அந்த அம்மாவின் தோளைத் தொட்டேன். வார்த்தை வரவில்லை. அவர் காத்திருந்தார், வார்த்தை இல்லாமல் கை மாறாது.

"வந்தாச்சு" என்றேன்.

பாரம் இறங்கியது. ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு அவளை மாற்றியபோது தூக்கிய அதே உடம்பு. அன்று அது என்னைப் பிடித்து இழுத்தது. இன்று என் கையில் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். கயல் கண்ணைத் திறந்து, தலைகீழாக என்னைப் பார்த்தாள்.

"அப்பா, மூச்சு விடுங்க" என்றாள் தாழ்ந்த குரலில்.

முன்வரிசை சிரித்தது. விட்டேன்.

வாசலில் சலசலப்பு. கம்பெனி பஸ் வந்துவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் ஒதுங்கி வழி விட, தலைக் குல்லாவைக்கூடக் கழற்றாமல் மஞ்சுளா ஓடி வந்தாள். மூச்சிரைத்தது. என் தோளில் கை விழுந்தது.

"வந்தாச்சு சார்."

அவள் கைகள் என் கைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. நான் எடுக்கவில்லை. எடுக்க வரவில்லை.

"சார், வந்துட்டேன் சார். நான்தான் லேட்டு. நீங்க போலாம்."

ஷெட்டே காத்திருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அங்கே அவசரப்படுத்த மாட்டார்கள்; சொல்லும்வரை நிற்பார்கள்.

"உன் கையிலம்மா" என்றேன்.

எடுத்தேன். கயல் விழவில்லை. என் கைகள்தான் எதையோ ஏந்தியபடியே அந்தரத்தில் நின்றன. முனிராஜ் வந்து அவற்றைப் பிடித்துக் கீழே இறக்கினார். சூளகிரிச் சாலையில் என் மகளின் தலையைத் தாங்கிய கைகளை அப்போதுதான் தொட்டேன். சொல்ல வைத்திருந்த நன்றியெல்லாம் தொண்டையில் நின்றது. "களி மாதிரி முழுங்கிடுங்க சார்" என்றார், என் முகத்தைப் பார்த்து. மெஸ் கதையை மஞ்சுளா சொல்லியிருக்க வேண்டும்.

ராத்திரி பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் கொத்தமல்லிக் கட்டு உட்கார்ந்து வந்தது. முனிராஜின் அம்மா கொடுத்தது. அதற்கு டிக்கெட் இருந்தது. சூளகிரி வந்தபோது கண்ணை மூடவில்லை. டீக்கடையில் விளக்கு எரிந்தது.

போன் அதிர்ந்தது. வசந்தி.

"ஏறிட்டீங்களா? அவளை ஜன்னல் பக்கம் உக்கார வச்சீங்களா?"

"அவ வரல."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"அங்க யாருங்க அவளைப் பாத்துக்குவா?"

"ஷிப்ட் போட்டுப் பாத்துக்கறாங்க, வசந்தி" என்று தொடங்கி, பார்த்ததையெல்லாம் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அடுத்த நிகழ்ச்சி எப்போவாம்?" என்றாள். "எனக்கும் ஒரு ஷிப்ட் கேட்டுச் சொல்லுங்க."